கொள்கையளவில் திறந்த கதவு

கலந்துரையாடல்காரர் என்று ஓர் இனம் உண்டு. திருகோணமலைக் கரை நெடுகிலும் இந்த இனத்தைக் காணலாம். உள்ளூராட்சிச் சபைக் கட்டடங்களுக்குள் அடர்த்தி சற்றுக் கூட. வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை, கக்கத்தில் ஒரு கோப்பு, முகத்தில் அப்போதுதான் ஒரு நல்ல செய்தி கேட்டுவிட்டு வந்தது போன்ற களை. இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் இவர் எதையும் எதிர்க்கமாட்டார். அதுதான் அடையாளம். ஆடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, இன்னும் நீந்திக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு கயிறு தாருங்கள் என்று நீங்கள் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சொல்லிப் பாருங்கள். மறுக்கமாட்டார். எரிந்து விழமாட்டார். கதிரை தருவார், தேத்தண்ணி தருவார், நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டுவார். "மிக முக்கியமான விசயம். இதைப் பற்றிக் கட்டாயம் ஒரு கலந்துரையாடல் வைக்கத்தான் வேணும்" என்பார். திகதியும் தருவார்.

கயிறு தருவாரா? அதைக் கேட்பதற்குத்தானே கலந்துரையாடல்.

சோமசேகரம் ஐயா இந்த இனத்தில் நல்ல விளைச்சல். துறைமுகப் பக்கத்துச் சபை ஒன்றில் உறுப்பினர். சபையின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் வைப்பார்கள். முன்பிள்ளைப் பருவ, குடும்ப நலக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கூட்டம் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். நேரத்துக்கு மரியாதை செய்யும் முறை அது. அதற்குப் பிறகு அதைப் பார்ப்பதில்லை. யாராவது எதையாவது சொன்னால் "ஆரோக்கியமான கருத்து" என்பார். அதற்கு நேரெதிராக இன்னொருவர் சொன்னால் "அதுவும் ஆரோக்கியமான கருத்து" என்பார். இரண்டும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் சுகமாகப் படுத்துக்கொள்ளும்.

அவருடைய குழு ஒரு கொள்கையே வரைந்திருந்தது. உழைக்கும் குடும்பங்களுக்கும் சிறு பிள்ளைகளின் பராமரிப்புக்கும் சபை என்னென்ன செய்யும் என்று முப்பத்தெட்டுப் பக்கம். அட்டையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பிள்ளை சிரிக்கிறது. நமது வெயிலில் அந்தத் தொப்பியோடு ஒரு மணித்தியாலம் நின்றால் பிள்ளை மயங்கி விழும். அது கிடக்கட்டும். உள்ளே பதினான்காம் பந்தி அழகான பந்தி. 'பெற்றோரின் தொழில் நேரங்களுக்கு ஏற்ப நெகிழ்வான நேரங்களில் பராமரிப்பு நிலையங்கள் இயங்கும்.' இதைச் சபையில் வாசித்தபோது எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஒரு மேசையில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்ததாகவும் தகவல்.

அந்தக் கொள்கையை அசனா ரீச்சர் வாசித்திருப்பாரா? தெரியாது. சபையின் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தைப் பதினாலு வருடம் நடத்தியவர் அவர். வாசல் பலகையில் 'காலை எட்டு மணி' என்று எழுதியிருந்தது. ரீச்சர் ஆறு மணிக்குத் திறந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவர்கள், ஹோட்டல் குசினியில் நிற்பவர்கள், மீன் பக்டரிக்கு முதல் பஸ்ஸில் போகிறவர்கள் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். பதினொரு பிள்ளைகள். இப்படி ஒன்று நடப்பது சபைக்குத் தெரியாது. இது சபையின் சேவை அல்ல என்பது தாய்மாருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தின் அறியாமைக்கும் நடுவில் ஒரு மனுசி தினமும் இரண்டு மணித்தியாலம் சும்மா வேலை செய்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மௌத்தாகிப் போனார். அடுத்து வந்த திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பதினொரு தாய்மார் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

அவருடைய ஒரே மகள் ஸல்ஹா. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மதகும் வடிகானும் அளப்பவள். அளந்ததைச் சொல்வாள், மிச்சத்தைச் சொல்லமாட்டாள். இருட்டோடு உம்மா படலையைத் திறந்துகொண்டு போகும் சத்தம் பதினாலு வருடமாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. வயதானவர்களுக்கு நித்திரை குறைவு, காலாற நடக்கப் போகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். எங்கே போனார் என்பதைத் துக்கம் விசாரிக்க வந்த தாய்மார் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். உம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் சபைக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'திறக்க வேண்டிய நேரம் ஆறு. பிள்ளைகள் பதினொன்று. தேவையான ஆள் ஒன்று. கால அளவு இரண்டு மணித்தியாலம். உங்கள் கொள்கையின் பதினான்காம் பந்தியைப் பார்க்கவும்.' கீழே கையெழுத்து. ஒரு மதகுக்கு மதிப்பீடு எழுதுவதுபோல எழுதியிருந்தாள்.

கடிதத்தைக் கண்டு சோமசேகரம் ஐயா உருகிவிட்டார். அது நடிப்பல்ல. இந்த இனத்துக்கு உருகுவதில் குறையே கிடையாது. உடனே தொலைபேசி எடுத்தார்.

"மகள், உங்கட கடிதம் பாத்தனான். அருமையான கடிதம். ரீச்சரை நாங்கள் மறக்க ஏலாது. வாற வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு கலந்துரையாடல் வைக்கிறம். அந்த நிலையத்திலயே வைக்கிறம், அதுதான் பொருத்தம். நீங்களும் வரோணும்."

"பத்து மணிக்குத் தாய்மார் வேலையில நிப்பாங்க, ஐயா."

"ஓமோம். அதையும் கலந்துரையாடுவம்."

வியாழக்கிழமை வாசலில் ஓர் அறிவித்தல் தொங்கியது. 'நிலையம் திறந்திருக்கும் நேரம் தொடர்பான கலந்துரையாடலை முன்னிட்டு இன்று நிலையம் மூடப்பட்டிருக்கும்.' பிழை திருத்தி, சபை முத்திரை குத்தி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட அறிவித்தல். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தாய்மாரில் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு ஏற்கனவே வேலை போய்விட்டது. அதனால் நேரம் இருந்தது. மூன்றாவது ஆள் அன்புவழிபுரத்துக் கௌசிகா. நிலையம் மூடியிருந்ததால் அன்று அவளுக்கு வேலைக்குப் போக வழியில்லை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தாள். முன்வரிசைக்கு மட்டும் சபையிலிருந்து வெள்ளை உறை போட்ட பெரிய கதிரைகள் லொறியில் வந்திருந்தன.

மேசையில் ரீச்சரின் படம். பக்கத்துத் தட்டில் ஒரு மல்லிகை மாலை. அங்கேதான் நிகழ்ச்சி நின்றது. உறுப்பினர் பாஹிம் மெதுவாகச் செருமினார்.

"ஐயா, குறை நினைக்கப்படாது. படத்துக்கு மாலை போடுறது எங்கட வழக்கத்தில இல்ல."

"அப்பிடியோ. நல்லகாலம் சொன்னீங்கள். உங்கட வழக்கம் எதுவோ அதையே செய்வம்."

"இல்லையில்ல, நீங்க அன்பில கொண்டுவந்த மாலை. நாங்க வேணாமெண்டு சொல்லுறது அழகில்லதானே."

"அன்பு வேற, மரபு வேற. மரபுக்குத்தான் முதலிடம்."

"அன்புக்குத்தான் ஐயா."

ஒருவர் மனதை மற்றவர் நோகடித்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் இருபத்தைந்து நிமிடம் போனது. மாலையைப் படத்துக்குப் போடாமல் மேசைக்குப் போடலாம் என்று ஒரு கருத்து வந்தது. ஆரோக்கியமான கருத்து. மேசை ரீச்சருடைய மேசையா சபையுடைய மேசையா என்று இன்னொரு கருத்து வந்தது.

"மாலை வேணாம்" என்றாள் ஸல்ஹா. "ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாப் போதும்."

சோமசேகரம் ஐயாவுக்குக் கண் கலங்கியது. "பாருங்கோ, அப்பிடியே ரீச்சர்தான். அதைக் குறிப்பில எடுங்கோ." எடுத்தார்கள். பிறகு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெக்கையில் அது முதுகில் ஒட்டிக்கொண்டது.

வரவேற்புரை, தலைமையுரை, நினைவுரை எல்லாம் முடிந்து பெற்றோர் கருத்துக்கு இடம் வந்தபோது மதியத்துக்குப் பத்து நிமிடம். கௌசிகா எழும்பினாள்.

"ஐயா, எனக்குக் கனக்கக் கதைக்கத் தெரியாது. ஆறேகாலுக்கு பஸ். ஏழு மணிக்கு பக்டரியில நிக்கோணும். ரீச்சர் போனதிலயிருந்து எட்டு மணிக்குத்தான் கதவு திறக்குது, பிந்தித்தான் போறன். வாற திங்கக்கிழமையும் பிந்தினா இனி வரவேணாமெண்டு சுப்பவைசர் சொல்லிட்டார். வீட்டில உழைக்கிறது நான் மட்டும்தான்."

சோமசேகரம் ஐயா எழுந்து நின்றார்.

"இந்தத் தங்கச்சிக்காக ஆறு மணிக்குத் திறக்கிறதை யாரும் எதிர்க்கிறீங்களோ?"

யார் எதிர்ப்பார்? ஒரு கைகூட உயரவில்லை. பாஹிம் வழிமொழிந்தார்.

"பாத்தீங்களோ மகள், ஏகமனதா முடிவெடுத்தாச்சு."

"அப்ப திங்கக்கிழமை திறப்பீங்களா, ஐயா?"

"கொள்கையளவில கதவு இண்டைக்கே திறந்தாச்சு" என்றார் ஐயா. கைதட்டல் எழுந்தது. நிலையத்துக்கு ரீச்சரின் பெயரைச் சூட்டுவது, நேர மாற்றத்தை நடைமுறைப்படுத்தும் விதத்தை ஆராய ஏழு பேர் கொண்ட உபகுழு, அடுத்த கலந்துரையாடல் ஆறு வாரத்தில் என்று எல்லாம் குறிப்பில் ஏறின. நன்றியுரையோடு எல்லாருக்கும் ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் வந்தன. கௌசிகாவின் மகள் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். அன்று அந்த மண்டபத்தில் முழுமையாக நிறைவேறிய ஒரே காரியம் அதுதான்.

வெளியே வெயிலில் கௌசிகா ஸல்ஹாவை மறித்தாள்.

"அக்கா, கொள்கையளவில எண்டா எத்தனை மணிக்கு?"

ஸல்ஹா வாயைத் திறந்தாள். அவள் அளந்து பேசுகிறவள் என்று சொன்னோம் அல்லவா? அன்று அந்த வாயிலிருந்து வந்தது இது:

"பாப்பம் கௌசிகா. ஒருக்கா அவங்களோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"ஓம் அக்கா" என்றாள் கௌசிகா, பணிவாக. உள்ளே சோமசேகரம் ஐயாவுக்கும் அவள் அதே பணிவோடுதான் தலையாட்டியிருந்தாள். அதைக் கண்டதும் ஸல்ஹா முதுகில் ஒட்டியிருந்த பொன்னாடையை உரித்தெடுத்தாள். இந்த இனம் பிறப்பதில்லை. தொற்றுகிறது. ஒரு பொன்னாடையும் ஒரு ரோல்ஸும் போதும்.

கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அத்தனை உரைகளில் எவரும் கேட்கவில்லை. ஒன்று எட்டு மணிக்குத் திறக்கும் உதவி ஆசிரியை சுஹைராவிடம் இருந்தது. மற்றது உம்மாவின் கைப்பைக்குள், கச்சான் கடலைச் சரை ஒன்றுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடையில் கிடந்தது. திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஸல்ஹா படலையைத் திறந்துகொண்டு போனாள். நிலையத்தைத் திறந்தாள். பாய் விரித்தாள். பால்மா எங்கே இருக்கிறது என்று தேடி, இரண்டு அலுமாரியைக் குடைந்து, உம்மா எதை எங்கே வைப்பார் என்பது தனக்குத் தெரியாது என்பதையும் அங்கேதான் கண்டுகொண்டாள். ஆறு மணிக்குக் கௌசிகா வந்தாள். நம்பி வரவில்லை, கதவடியில் நின்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ் கிடைத்தது. பிள்ளை அரை மணித்தியாலம் அழுதது; ஸல்ஹா அதைத் தடுக்கவில்லை. எட்டு மணிக்குச் சுஹைரா வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி வந்தது.

"மகள், கேள்விப்பட்டனான். மெத்தச் சந்தோசம். நான் எதிர்க்கயில்ல. ஆனா திறக்கிறதுக்கு முதல் ஒருக்கா கலந்துரையாடியிருக்கலாம். புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு அவசரக் கூட்டம் வைப்பமோ? அந்த நிலையத்திலயே வைப்பம்."

சோமசேகரம் ஐயாவைப் பார்த்து நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நல்லது. ஆனால் ஸல்ஹா சாவியோடு போன இடத்தில் உங்கள் நெற்றி சற்றுச் சுருங்கியது. அனுமதியில்லாமல் திறக்கலாமா? பிள்ளை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? இவளுக்கு முன்பள்ளிப் பயிற்சி உண்டா? இன்றைக்குத் திறந்தாள், இவளுக்குக் காய்ச்சல் வந்தால்? இப்படித்தானே ஓடியது உங்கள் யோசனை? நியாயமான கேள்விகள். ஒன்றுகூடப் பிழையில்லை. நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துப் பேசவேண்டிய விசயங்கள்தான்.

பேசுங்கள். நாளைக்கும் ஆறேகாலுக்கு பஸ் இருக்கிறது.