கழுத்துப்பட்டிக்குக் கண்ணி எடுத்த கதை

அந்தக் கம்பளிச் சட்டை மச்சினன் உடம்பில் ஏறக் கூடாது என்று மொக்கைச்சாமி முடிவு கட்டினான். முடிவு கட்டுவதில் அவன் கெட்டிக்காரன். அதற்கு மேலேதான் எல்லாம் இழுபறி.

விஷயம் இதுதான். அவன் பெண்சாதி பொன்னாத்தாள் மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டு வந்தாள். இரண்டு ஊசி கைக்கு வந்ததும் வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, பின்னல் நடந்தது. யாருக்கு என்று கேட்டால், தம்பிக்கு, பாவம் மலைமேல் குளிரில் கிடக்கிறான் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் புருசன் வேட்டிக் கிழிசலில் ஒரு தையல் போட்டிருப்பாளா? மொக்கைச்சாமிக்கு வயிறு எரிந்தது. எரியத்தானே செய்யும்.

தம்பி அழகர் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தான். அத்தோடு விட்டானா? மச்சானுக்கும் அங்கே ஸ்டோரில் ஒரு வேலை பிடித்து வைத்துக்கொண்டு, வா வா என்று ஆள்மேல் ஆள் விட்டான். சின்னமனூரில் பஞ்சு வேலை போனதிலிருந்து மொக்கைச்சாமி வீட்டோடுதான் இருந்தான். மத்தியானம் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம், பொழுது சாய முல்லையாற்றில் ஒரு முங்கல். இதை விட்டுவிட்டு மலையேற அவனுக்கு என்ன கிறுக்கா? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால், குளிர் மட்டும் இல்லையென்றால் நேற்றே போயிருப்பேன் என்று மாமனார் முன்னால் அடித்துப் பேசி வைத்திருந்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி போனார்கள். பொன்னாத்தாள் பொங்கல் வைக்கப் போகும்போது புருசன் கையில் ஒரு நூலைக் கொடுத்தாள். அழகர் வந்திருப்பான், அவனுக்கு நெஞ்சளவும் கழுத்தளவும் எடுத்து முடிச்சுப் போட்டு வாங்க என்றாள். மொக்கைச்சாமி மச்சினனைப் பார்த்தான், ராட்டினம் வரைக்கும் கூடவே போனான், நூலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. தனியாக ஒரு சுவர் மறைவுக்குப் போய்த் தன் நெஞ்சையும் தன் கழுத்தையும் அளந்து முடிச்சுப் போட்டான். அழகர் முருங்கைக்காய், இவன் பூசணிக்காய். சட்டை அவனுக்குத் தொளதொள என்று ஆகும், வேறு வழியில்லாமல் இந்த வீட்டிலேயே தங்கும்.

பொன்னாத்தாள் நூலை நீட்டிப் பார்த்தாள். தம்பிக்கு மலைத் தண்ணி ஒத்துக்கிருச்சு போல என்று சொன்னதோடு சரி.

முன்பக்கம் முடிந்தது, பின்பக்கம் முடிந்தது, தோளும் சேர்ந்தது. கழுத்து மட்டும் மொட்டையாக நின்றது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆள்காட்டி விரலில் நகச்சுத்து. ஒரு எலுமிச்சம்பழத்தை விரலில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கழுத்தோரத்துல கண்ணி எடுத்தாத்தான் பட்டி வரும். இந்த வெரல வச்சு நான் எங்கிட்டுப் பின்ன? இப்படியே மலைக்கு அனுப்பிருவோம்."

மலைக்குப் போன சட்டை திரும்பி வருமா என்று மொக்கைச்சாமிக்குத் திக்கென்றது. "குடு இங்கன. கயித்துக் கட்டிலே பின்னுனவன் நான்."

ஓரத்தில் ஊசியைக் குத்தி, புது நூலை உள்ளேயிருந்து இழுத்து, ஒரு கண்ணியாக ஊசியில் ஏற்ற வேண்டும். அடுத்தது, அடுத்தது என்று கழுத்தைச் சுற்றி வர வேண்டும். இறங்குகிற ஓரத்தில் நாலு வரிசைக்கு மூணு கண்ணி என்று பொன்னாத்தாள் சொன்னாள். ஆம்பிளைக்கு என்ன கஞ்சத்தனம் என்று இவன் நாலுக்கு நாலு எடுத்தான். கழுத்து பாவாடை மாதிரி விரிந்து நின்றது. பிரிங்க என்றாள். அடுத்த தடவை கோபத்தில் நாலுக்கு இரண்டாக எடுத்தான். போட்டுப் பார்த்தால் மூக்கோடு தலை நின்றுவிட்டது.

"ஏங்க, தம்பி சட்டைய நீங்க எதுக்குப் போட்டுப் பாக்குறீக?"

"அவன் தலையும் என் தலையும் ஒண்ணுதான்" என்று கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதுவும் சரிதான் என்று சொல்லி, எலுமிச்சம்பழ விரலாலேயே தலையை வெளியே தள்ளிவிட்டாள். மறுபடி பிரித்து, நாலுக்கு மூணாக எடுத்து, பட்டியை முடித்தான். கழுத்து கழுத்தாக உட்கார்ந்தது. வைகாசி வெயிலில் கம்பளிச் சட்டையோடு வேர்த்து ஒழுக நின்றுகொண்டு, இது அழகருக்குச் சேராது, இதற்குள் அவனைப் போல இரண்டு பேர் நுழையலாம், எனக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான்.

பொன்னாத்தாள் விரலிலிருந்து பழத்தைக் கழற்றி, அறுத்து, அவனுக்கே பானக்கம் கரைத்துக் கொடுத்தாள். விரலில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"ஒங்களுக்கே இருக்கட்டும். குளிருதான ஒங்களப் போகவிடாமத் தடுத்துச்சு, இனி என்ன? பெட்டி கட்டி வச்சிருக்கேன். நாளைக்குத் தோட்டத்துச் சாமான் கழுதையில ஏறுது, அது கூடவே போயிருங்க. பட்டி பிரிஞ்சாலும் கவலையில்ல. கண்ணி எடுக்கத்தான் படிச்சுக்கிட்டீகளே."

தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டவன் யாரிடம் போய் அழுவான்? மலையேறினான்.

மேலே மத்தியானமே மேகம் ஸ்டோருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சட்டை புண்ணியத்தில் அவனுக்குக் குளிரவில்லை. அதுதான் கொடுமை. குளிர்ந்தாலாவது கீழே இறங்க ஒரு சாக்குக் கிடைக்கும். தூக்கம் போனது, ஆறு போனது, அதெல்லாம் போகட்டும். பொன்னாத்தாள் முணுமுணுவென்று கண்ணி எண்ணுகிற சத்தம் காதில் விழாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத இடத்தில் அவளுடைய கம்பளி மட்டும் நெஞ்சைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதுவும் அவனுக்கென்று பின்னியதா? இல்லை. ஒரு அக்கா தம்பிக்கு ஆசையாகப் பின்னியதை வயிற்றெரிச்சலில் பறித்துக்கொண்டோமே என்று நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சட்டையைக் கழற்றி அழகரிடம் நீட்டினான். உனக்குச் சேர வேண்டியது மாப்ளே, அளவை மாத்திக் குடுத்து நான்தான் எடுத்துக்கிட்டேன், மன்னிச்சிரு என்றான்.

அழகர் தன் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். உள்ளே நீலக் கம்பளி, கச்சிதமான முருங்கைக்காய் அளவில்.

"எனக்குத்தான் அக்கா பழகுறப்பவே ஒண்ணு பின்னிக் குடுத்திருச்சே. இது மொதல்லயிருந்தே ஒங்களுக்குத்தான் மச்சான், சொல்லிக் குடுத்தா நீங்க மலையேற மாட்டீகன்னு எம்பேரச் சொல்லுச்சு."