ஏகாம்பரத்தைக் கூப்பிட்ட குரல்

என் குரலைக் கேட்டு ஒருவர் வேலையையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். (நான் பாடவில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.)

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாசலில் வரிசைகட்டி நிற்கும் லாரி டிரைவர்களை ஒலிபெருக்கியே கூப்பிடும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். எல்லார் பெயரையும் என் குரலிலேயே பதிவு செய்தேன். லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, ஒவ்வொரு லாரியாகப் போகும். அந்த டிரைவரின் பெயர் ஒரு வேரியபிளில் வரும். அந்தப் பெயரை வைத்து ஒரு பேட்டர்ன், அதாவது தேடுவதற்கான அச்சு, செய்து கொடுத்தால், அதற்குப் பொருந்தும் பதிவை ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடி எடுக்கும். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் காலை கடற்பனி இறங்கி, பக்கத்து லாரிகூடத் தெரியவில்லை. 'ஏகாம்பரம், உள்ளே வரவும்' என்றது என் குரல். முகத்துவாரக்குப்பத்து ஏகாம்பரம் வந்தார், சரக்கு ஏற்றினார், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த லாரிக்கும் 'ஏகாம்பரம்'. அதற்கடுத்ததற்கும்.

பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் இல்லாத ஆளைக் கூப்பிடக் கூப்பிட, டிரைவர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். ஜோசப் என்பவர் ஏகாம்பரத்துக்கே போன் போட்டுவிட்டார். "மாமு, நீ போயும் உன்னியே கூப்ட்டுகினு கீது. திரும்பி வந்துராத." ஏகாம்பரம் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் புரோகிராமை நிறுத்தினேன், எதையோ திருத்தினேன், மறுபடி போட்டேன். வேரியபிளில் என்ன இருக்கிறதென்று திரையில் பார்த்தேன். 'ஜோசப்' என்றிருந்தது. வெளியே குரல் 'ஏகாம்பரம்' என்றது. (படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். மனதுக்குள் சொன்னது ஜெபம்.)

மதியத்துக்குள் ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மா வந்து என் மேஜை முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"எம்மா, அவரு வூட்லதான் கீறாரு. நீ இன்னாத்துக்கு அவர கூப்ட்டுகினே கீற?"

நான் வாயைத் திறக்கும் முன்பே வெளியே என் குரல், 'ஏகாம்பரம், உள்ளே வரவும்' என்றது. தேசம்மா மூடியிருந்த என் வாயையே பார்த்தார். பிறகு, முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

காரணம் சாயங்காலம்தான் அகப்பட்டது. தேடவேண்டிய பேட்டர்னை லூப்புக்கு முன்பே, முதல் பெயரை வைத்துச் செய்து முடித்திருந்தேன். உள்ளே வேரியபிள் மாறிக்கொண்டேயிருந்தது. பேட்டர்ன் ஏகாம்பரத்தைவிட்டு நகரவே இல்லை. அந்த ஒரு வரியை லூப்புக்குள் இறக்கியதும் 'ஜோசப், உள்ளே வரவும்' என்று தெளிவாகக் கேட்டது. ஜோசப் வரவில்லை. ஏகாம்பரமோ அப்புறம் எந்த லாரியிலும் ஏறவில்லை. படகில் போகிறார் என்று கேள்வி.

இதைக் கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. இன்றும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் மனிதர் அசையமாட்டார். எழுந்திருக்கும் மகனையும் பிடித்து உட்காரவைப்பார்.

"இரு நைனா. அடுத்து உன் பேரு வருதான்னு பாத்துட்டு போலாம்."