கூரையிலிருந்து நான் இறக்கிய சொக்கெட்டுகள்

அறியாமை தனியாக வந்தால் ஊருக்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. அது செயலாளர் பதவியையும் செந்தமிழையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும்போதுதான் சுவர்கள் உடைபடுகின்றன. நான் உடைக்கச் செய்த இடங்கள் மூன்று.

ஆழிப்பேரலை கொண்டுபோன எங்கள் சாய்ந்தமருது வாசிகசாலையை, போர் முடிந்த கையோடு ஓர் உதவி நிறுவனம் புதிதாகக் கட்டித் தந்தது. முப்பது ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றிருந்த நான் கட்டடக் குழுவின் செயலாளர். (ஓய்வு என்றது அரசாங்கம், நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.) கட்டடம் செம்மையாக அமைந்தால் இருபது கணினிகளும் தருவதாக வாக்களித்திருந்தார்கள். அவை வந்துவிட்டால், என் மகள் ஸிபானா உட்பட எங்கள் பெண்பிள்ளைகள் கணினி கற்க அக்கரைப்பற்றுக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. பல வீடுகளில் ஏறவே விடவில்லை.

பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் எங்கள் கரையோரத்தில் விந்தைகள் பல எழுந்தன: தண்ணீர் வராத குழாய், கதவைத் திறந்தால் சுவரில் முட்டும் குளியலறை, புகைப்படத்துக்கு மட்டும் பொருந்திய சமையற்கட்டு. ஆகவே எந்தக் கட்டடத்துள் நுழைந்தாலும் நாங்கள் முதலில் தேடியது ஏமாற்றைத்தான். நான் தேடினேன், கூரையில் கண்டேன். அங்கே கம்பி செருகும் மூன்று சொக்கெட்டுகள் வாய் திறந்து நின்றன.

"தம்பி, கூரையில் எவர் மேசை போட்டு அமரப் போகிறார்?"

ஏணியில் நின்ற ரியாஸ் (வலையமைப்புக் கம்பிகளை இழுத்தவன் அவன்தான்) பொறுமையாகச் சொன்னான்: "அது ஆக்களுக்கில்ல சேர். ரெண்டு வைஃபை பெட்டிக்கு, ஒண்டு சென்சருக்கு. மேல இருந்தாத்தான் முழு ஹோலுக்கும் பிடிக்கும். சென்சர் ஆள் அசையிறதப் பாக்கும். அசைவு இல்லாட்டி லைட்டையும் ஏசியையும் நிப்பாட்டிடும்."

"அசைவுணர்வி," என்று திருத்தினேன். "எட்டாத உயரத்தில் வைத்த பொருள் எவருக்கும் உதவாது. அனைத்தையும் மேசை மட்டத்துக்கு இறக்குக!"

"சேர், பிளான்ல..."

"திட்டத்தை நான் திருத்திக்கொள்கிறேன்."

"சரி சேர். பொறகு என்னோட கோவிக்கப்படா."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, "மாஸ்டர்ட கண்ணுக்கு ஒண்டும் தப்பேலா" என்று நாலு பேர் சொல்ல, நான் அடக்கத்தோடு மறுக்காமல் நின்றேன்.

இறக்கிய மூன்றில் இரண்டு, வைஃபை பெட்டிகளோடு, பின்னர் வந்த இரும்பு அலமாரிகளின் முதுகுக்குள் மறைந்தன. மூன்றாவதாகிய அசைவுணர்வி, உரையாற்றுபவர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னே, இடுப்புயரத்தில் அமர்ந்துகொண்டது.

கையளிப்பு நாளன்று மாரி மழை. சன்னல்களை எல்லாம் அடைத்து விளக்கேற்றியிருந்தோம். எனக்கு முன்னே நிலம்வரை துணி தொங்கும் நீண்ட மேசை, அதற்கப்பால் ஆண்கள், திரைக்கு மறுபுறம் பெண்கள். முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த உதவி நிறுவன அதிகாரி அம்மையார். நான் பிஸ்மி சொல்லி, தூண் போல் நிமிர்ந்து நின்று தொடங்கினேன்.

"பேரலை எழுந்தாலும், போர் மூண்டாலும், இம்மண்டபத்தின் ஒளி ஒருபோதும் அணையாது!"

அணைந்தது. குளிரூட்டியும் பெருமூச்சு விட்டு நின்றது.

"கரண்ட் போயிட்டு!" என்றார் ஒருவர்.

"கரண்ட் போகல்ல!" பின்வரிசையிலிருந்து ரியாஸின் குரல். "சேர் அசையிறாரில்ல!"

நான் வலக்கையைக் கம்பீரமாக உயர்த்தினேன். இருள் அசையவில்லை.

"கை அதுக்குத் தெரியா சேர்! இடுப்புக்குக் கீழதான் பாக்குது. காலை ஆட்டுங்க!"

காலாட்டிய குற்றத்துக்காக முப்பது ஆண்டுகளாக மாணவர்களை வகுப்பறை வாங்குப் பலகைமேல் ஏற்றி நிறுத்தியவன் நான். வேறு வழியில்லை, ஆட்டினேன். ஒளி பிறந்தது. நிறுத்தினேன், சற்றைக்கெல்லாம் மறைந்தது. (விருந்தினருக்கு விரைவாகச் செய்து காட்டவென்று ரியாஸ் நேரத்தைக் குறைத்து வைத்திருந்தானாம்.) எஞ்சிய ஆறு பக்கங்களையும் ஒரு வரி விடாமல், வெள்ளைச் சாரன் படபடக்கக் காலாட்டியபடியே வாசித்தேன். திரைக்கப்பால் முதலில் வெடித்த சிரிப்பு என் மகளுடையது.

அம்மையார் தம் மடிக்கணினியைத் திறந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் இணையம் வந்தது. அவர் ரியாஸைப் பார்த்தார்.

"இதையெல்லாம் இப்பிடிக் கீழ வச்சது யார்? இதுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?"

ரியாஸ் தரையைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. அவன் தொழிலும் இருபது கணினிகளும் அந்த மௌனத்தில் தொங்கின.

"நான்," என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம். "அவர் தடுத்தார். நான் கேளாமல் இறக்குவித்தேன்." இதைச் சொல்லும்போதும் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன், குற்றத்தை இருளில் ஒப்புக்கொள்ள என் தன்மானம் இடந்தரவில்லை.

அம்மையார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாத்தையும் திரும்ப மேல ஏத்துங்க சேர். அடுத்த கிழமை வந்து பார்த்துட்டுக் கையெழுத்து வைக்கிறன்," என்றார்.

ரியாஸ் ஏறினான்; ஏணியைப் பிடித்தவன் நான். வேலை நடந்த மூன்று நாளும் அவன் ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அதுதான் மிகவும் வலித்தது.

கணினிகள் வந்தன. இன்று அங்கே கற்பிப்பவள் ஸிபானா. ஆயினும் என் வீட்டில் எனக்கு ஓர் அதிகாரம் நிரந்தரமாகப் பறிபோயிற்று. சென்ற பெருநாளன்று என்னெதிரே அமர்ந்திருந்த மருமகன் தன்னை மறந்து காலாட்டத் தொடங்கினார். நான் தொண்டையைச் செருமினேன்.

சமைத்துக்கொண்டிருந்த ஸிபானா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விடுங்க வாப்பா. அவர் நிப்பாட்டினா ஊடு இருட்டாகிடும்."