மூலை மடிந்த பறவை

"மாப்பிள்ளை, வலது பக்கம் மேல் மூலை மடிஞ்சு கிடக்கு" என்றார் மாமனார் போனில்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. பழைய ஆபீசில் அவருக்குத் 'துல்லியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாராட்டி வைத்த பெயர் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு கோடுகள் சேர வேண்டிய இடத்தில் மயிரிழை விலகியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் வரைந்த படத்தில் மூலை மடிந்திருக்கிறதாம்.

"அது பறவையோட இறக்கை மாமா. பறக்கத் தயாராகுது."

"என்னவோ போங்க. மூலை மடிஞ்ச சரக்கை எங்க ஃபேக்டரியில கழிச்சுத் தள்ளிடுவோம். நேராக்கி அனுப்புங்க. நடுவுல வேற ஒண்ணையும் காணோம், வெறிச்னு இருக்கு."

பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

மாமனாருடையது நோட்டுப் புத்தகத் தொழிற்சாலை. புதுக் கட்டடம் கட்டி முடித்து, வாசலுக்குப் பெரிய போர்டும் அதற்கு ஒரு சின்னமும் வேண்டும் என்று கிளம்பியிருந்தார். துல்லியம் வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையில் டிசைன் ஸ்டூடியோ ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான்: மாப்பிள்ளையைக் குடோன் பொறுப்பில் உட்கார வைப்பது. கடைசியில் மகள் அழுது அடம்பிடித்து ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தாள். சின்னம் பிடித்துவிட்டால் குடோன் பேச்சே கிடையாது. பிடிக்காவிட்டால் ஒன்றாம் தேதி வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் குடோனைத் துல்லியம் ஒரு தடவை பார்த்திருக்கிறார். ஜன்னல் கிடையாது. காகிதக் கட்டுகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு நேராக இல்லை. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அதனால் இந்தப் பறவைக்காக அவர் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார். பன்னிரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேண்டாததை வெட்டி, மிச்சமிருந்ததை ஒட்டியபோது கிடைத்தது அது. முடிந்த பிறகு அந்த வட்டங்களில் ஒன்றுகூட யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததுதான் கலை என்பார். கேட்பவர்கள் மணி என்ன என்று பார்ப்பார்கள்.

"ஏங்க, அப்பாவுக்கு ஒரு போட்டோ மாதிரி அனுப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"போட்டோவா! பெருசு பண்ணினா பொடிப்பொடியா உடைஞ்சு போயிடும். இது கோடு. வானம் வரைக்கும் இழுத்தாலும் உடையாது. ஒரிஜினல் ஃபைலைத்தான் அனுப்புவேன். தொழில் கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ நேர்ல போய்க் காட்டிட்டு வந்துடுங்க."

"போனா சாவிக்கொத்தைக் கையில திணிச்சுடுவார் உங்கப்பா."

இறக்கையை நேராக்க உட்கார்ந்தார். நுனியிலிருந்த ஒரு புள்ளியைப் பிடித்து மேலே இழுத்தார். வலது இறக்கை நிமிர்ந்தது. இடது இறக்கை அதற்குச் சமமாக இல்லை. இடதை நிமிர்த்தினார், வால் கோணிக்கொண்டது. வாலைச் சரிசெய்தார், கழுத்து காணாமல் போனது. சாயங்காலம் பறவை, சட்டை மாட்டுகிற ஹேங்கர் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் நூல் பிடித்தாற்போல நேர். 'இதுதான் கடைசி' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்து அனுப்பினார்.

மறுநாள் மாமனார் அழைத்தார். "மூலை அப்படியேதான் இருக்கு. சின்னதா வேற இருக்கு மாப்பிள்ளை, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கு. நடுவுல ஏதாவது போடுங்கன்னு சொன்னேனே?"

"வெற்றிடம்தான் மாமா டிசைனோட உயிர்."

"உயிரா? குடிபோன வீடு மாதிரி இருக்கு."

துல்லியம் பல்லைக் கடித்துக்கொண்டு பறவைக்கு ஒரு கண் வைத்தார். அலகில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவ்வக் கொடுத்தார். பக்கத்தின் விளிம்பை முட்டும்வரை பெரிதாக்கினார். பிறகு எல்லாவற்றையும் நேர்படுத்தலாம் என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'நடுவில் சேர்' பட்டனை அழுத்தினார். சொன்னதைச் செய்வதுதானே கம்ப்யூட்டரின் கெட்ட குணம்? கண், அலகு, நோட்டு, வால் எல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து, அதனதன் இடத்தில் பொருத்தினார். கீழேயிருந்த கம்பெனி பெயரையும் இம்மி நகர்த்தினார். 'சத்தியமா இதுதான் கடைசி' என்று அனுப்பினார்.

"விளையாடறீங்களா மாப்பிள்ளை?" மாமனாரின் குரல் பக்கத்திலிருந்த மனைவிக்கே கேட்கும்படி உயர்ந்திருந்தது. "படம் மாறவே இல்லை. கீழ எழுத்து மட்டும் தினுசு தினுசா மாறுது. கலரும் இல்லாம வெளுத்துப் போய்க் கிடக்கு."

துல்லியம் போனை மேஜையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார், அவள்தான் இதைப் பேசியது போல.

"மாறவே இல்லையாம்! ஹேங்கர் மாதிரி இருந்த பறவை இப்போ கண்ணோட, நோட்டோட, யானை அளவுக்கு நிக்குது. மாறவே இல்லையாம்!"

"எழுத்து மாறிச்சுன்னாரே, அது என்ன?"

"கம்பெனி பேரை இம்மி தள்ளி வெச்சேன். அது மட்டும் தெரியுது உங்கப்பாவுக்கு. கழுகுக் கண்ணு, ஆனா பக்கத்துல இருக்கிற பறவை தெரியாது."

கலர் கேட்டார் அல்லவா? கொட்டினார். உடம்புக்குச் சிவப்பு, இறக்கைக்கு மஞ்சள், அலகுக்குக் கிளிப்பச்சை. பார்த்த மனைவி, "கோழிக்குக் கண்வலி வந்த மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதையும் அனுப்பினார். "இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கூடவே இன்னொரு வரி: "ஒண்ணாம் தேதி சீக்கிரமே வந்துடுங்க, குடோன்ல லோடு இறங்குது."

துல்லியத்துக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனிதர் இத்தனை வருஷத்தில் கோணலாக ஒரு தபால்தலைகூட ஒட்டியதில்லை. கண்ணை, நோட்டை, சிவப்பை, மஞ்சளை எல்லாம் அழித்தார். பன்னிரண்டு வட்டங்களிலிருந்து பிறந்த அந்த முதல் பறவையை எடுத்தார். அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. பெயரை மட்டும் 'கடவுளே இதுதான் கடைசி' என்று மாற்றி அனுப்பிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"குடோன்ல ஃபேனாவது இருக்கான்னு அப்பாகிட்ட கேட்டு வைக்கிறேன்" என்றாள் மனைவி ஆறுதலாக.

அதற்குள் போன் அடித்தது.

"மாப்பிள்ளை! இப்பதான் பெருசா, கண்ணுக்கு நிறைவா இருக்கு! இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க? நம்ம மேனேஜர்கூட இங்க ஏதோ ரெண்டு பட்டனைத் தட்டிட்டு, இப்போ நல்லாத் தெரியுதேன்னார். அந்த மூலை மடிஞ்சதும் யோசிச்சுப் பார்த்தா அழகாத்தான் இருக்கு, நம்ம தொழிலுக்குப் பொருத்தம். எழுத்து பிரமாதம். கடவுளை முன்னால வெச்சா எதுவும் தப்பா போகாது."

"அப்போ... குடோன்?"

"அந்தப் பேச்சை விட்டாச்சு. நீங்க இனி எதையும் தொடாதீங்க. போர்டு எழுதறவரை இங்கயே வரச்சொல்லி, என் கம்ப்யூட்டரைப் பார்த்தே வரைய வெச்சுடறேன்."

துல்லியம் முன்னறையில் ஒரு சுற்று ஆடினார். "பார்த்தியா? அதே பறவை! ஒரு புள்ளி மாத்தல! வேணும்னே குறை சொல்லிட்டு இருந்திருக்கார் மனுஷன். கலையும் தெரியாது, கண்ணும் தெரியாது."

"கடவுளை முன்னால வெச்சான்னு என்னமோ சொன்னாரே?"

துல்லியத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஃபைல் பேரைச் சொல்றார். எரிச்சல்ல வெச்சேன். அதையும் படிச்சிருக்கார்."

திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேல். போர்டு எழுதுகிறவர்கள் வட்டத்தை முட்டையாக்கிவிடுவார்கள் என்பது அவர் அபிப்பிராயம். வாசலில் உறவினரும் தொழிலாளிகளும் கூடியிருந்தார்கள். மாமனார் கயிற்றை இழுத்தார். துணி சரிந்து விழுந்தது.

இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். வலது பக்கம் மேல் மூலை மடிந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கீழே, ஆள் உயர எழுத்தில்: கடவுளே இதுதான் கடைசி.

எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனி பேரே இல்லாம போர்டு வைக்க ஒரு தைரியம் வேணும் மாப்பிள்ளை" என்று மாமனார் அவர் தோளைத் தட்டினார். "அதுதான் டிசைன்னு மேனேஜர் விளக்கினார். உங்களைக் குடோன்ல போட்டு அடைக்கப் பார்த்தேனே!"

துல்லியம் போர்டை அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்து இது என் படம் இல்லை என்று சொன்னால் சாவிக்கொத்து. சொல்லாவிட்டால் இந்தத் தாள் தலைமுறை தலைமுறையாக அவர் பெயரில் நிற்கும். "நேரா இருக்கு மாமா" என்றார்.

பிறகு மெதுவாக நழுவி, ஏணியடியில் பிரஷ் துடைத்துக்கொண்டிருந்த போர்டு எழுதுகிறவரிடம் போய்க் கேட்டார்:

"என் பறவை எங்கங்க?"

"பறவையா சார்? ஐயா கம்ப்யூட்டர்ல நீங்க அனுப்பின ஃபைல்னு இந்தத் தாள் படமும் கீழ எழுத்தும்தான் இருந்துச்சு. அதைத் தட்டினா 'எந்த சாஃப்ட்வேர்ல திறக்கட்டும்'னு அது கேக்குது, ஐயா ஒவ்வொரு தடவையும் 'வேண்டாம்'னு அழுத்திடறார்."