ஒன்பதாவது டிஸ்க்கை மட்டும் போட வேண்டாம், சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும், என் இடது முழங்காலைத் தவிர, நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் பேத்தியும் நலமென்று நேற்று மாலை தொலைபேசியிலேயே கேட்டறிந்தோம். கேட்டறிந்த பிறகு கடிதம் எதற்கு என்று தாங்கள் புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. சில விஷயங்களை நேரில் சொல்ல வாய் வருவதில்லை. அதிலும் தாங்கள் பல் டாக்டர், எதிராளியின் வாயிலிருந்து வரவேண்டியதை வரவழைக்காமல் விடமாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, தங்கள் நாற்பதாவது மணநாளன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் பெரிய திரையில் போடப்போவதாகத் தாங்கள் சொன்ன, நம் பிள்ளைகளின் கல்யாண வீடியோவின் ஒன்பதாவது டிஸ்க்கைப் பற்றியதுதான் விஷயம். அது கீறல் விழுந்து கெட்டுப்போய்விட்டது என்று நேற்று சொன்னேன். "என் டிவியில நல்லா ஓடுதேங்க" என்றீர்கள். நான் இருமினேன். அந்த இருமலுக்கான விளக்கமாக இதைக் கொள்ள வேண்டுகிறேன்.

நான் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு வாஷர் வெளியே போவதென்றாலும் என்னிடம் சீட்டு வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அறுநூற்றுப் பன்னிரண்டு டிஸ்க்குகளை எண் போட்டு இரண்டு இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தேன். சினிமா, பாட்டு, மகளின் பள்ளி நாடகம், நாங்கள் விற்றுவிட்ட வாஷிங் மெஷினை இயக்குவது எப்படி என்ற விளக்கப்படம், எல்லாம் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் டிஸ்க் பிளேயர் தட்டை வெளியே நீட்டியது, நீட்டியபடியே உயிரை விட்டது. ரிப்பேர்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்போ அலமாரி ரெண்டும் காலி. துணி வெச்சுக்கலாம்" என்றாள். துணியா, டிஸ்க்கா என்ற நிலைமை வந்த பிறகுதான் நான் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள ஏத்திடலாங்க. அப்புறம் வீட்டுல எந்த டிவியில ரிமோட்ட அழுத்தினாலும் வந்துரும்" என்றார். ஸ்டோர்ஸ் பார்த்தவன் சும்மா இருப்பேனா? "பெட்டியில ஏதாவது காணாமப் போனா?" என்றேன். "ரெண்டு பெட்டி வைங்க. இதுல போனது அதுலேர்ந்து தானா திரும்பி வந்துரும்." "எது போனாலும் வரணும்." "எது போனாலும் வருங்க." "நானே அழிச்சாலும்?" "நீங்களே அழிச்சாலும் வருங்க, அதான் இதோட விசேஷமே." அந்த விசேஷத்தை நான் கேட்டு வாங்கி, கையெழுத்தும் போட்டு, சாப்பாட்டு மேஜை மேல் கொண்டுவந்து வைத்தேன். ஒரு டிஸ்க் ஏற நாற்பது நிமிடம். ஒன்பது வாரமாக நாங்கள் இருவரும் அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். இதற்கிடையில் இங்கே வந்த மாப்பிள்ளை, "இது எங்க வீட்டு டிவியிலயும் தெரியற மாதிரி பண்ணிடறேன் மாமா" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே போட்டது எந்தப் படம் என்று அதுவே ஊகித்து போஸ்டரும் கதைச் சுருக்கமும் ஒட்டிவிடும். நம் பிள்ளைகளின் கல்யாண டிஸ்க் ஒன்று முதல் மூன்று வரை, எரிகிற கப்பல் படத்தோடு "இரு குடும்பங்களுக்கு இடையே மூண்ட பகை, எவரும் உயிர் தப்பவில்லை" என்று தங்கள் டிவியில் வந்ததற்கு நான் பொறுப்பல்ல. சம்பந்தியம்மா மனம் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். அதே போல, தாங்கள் இருபது நிமிடம் பார்த்து ரசித்துவிட்டு "எந்த நாட்டுக் குகைங்க அது? உள்ள ஈரம் சொட்டுது, பிரமாதம்" என்று போன் செய்தீர்களே, அன்றைக்கு நான் மென்று விழுங்கிவிட்டேன். அது குகை இல்லை. போன வருஷம் கேமரா விட்டுப் பார்த்த என் வயிறு. தாங்கள் மிகவும் சிலாகித்த அந்தச் சிவந்த வளைவு எனக்கிருக்கும் புண். இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம், இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்கப் போவதில்லை என்று தங்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதே.

சரி, ஒன்பதாவது டிஸ்க்குக்கு வருகிறேன். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி ஒரே டிஸ்க்காகத் தருவதாக வீடியோக்காரர் சொன்னபோது, வெட்டாததையும் கொடு என்று அடம்பிடித்துப் பதினான்கையும் வாங்கி வந்தவன் நான். வாங்கினேனே தவிரப் பதினோரு வருஷமாகப் போட்டுப் பார்த்ததில்லை. இப்போது ஏற்றி முடித்த பிறகு, சரக்கு சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதில் முப்பத்தோராவது நிமிடம் வரை வந்தேன். உடனே அழித்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது, அதுவும் "புதிதாக வந்தவை" என்று முதல் வரிசையில் முதலாவதாக. மறுபடி அழித்தேன், மறுபடி முதலாவதாக வந்து நின்றது. நான்கு தடவை. நீங்க தினமும் டிவியைப் போட்டவுடனே அது எதிரில் நின்றதற்கு என் கைங்கரியம்தான் காரணம். கடைசியில், அழிக்க முடியாவிட்டால் என்ன, யாரும் சீண்டாத மாதிரி பேரை மாற்றிவிடுவோம் என்று யோசித்து, "பல் பாதுகாப்பு: சில குறிப்புகள்" என்று வைத்தேன். அது யார் வீட்டு டிவி என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

நீங்க அன்றைக்கே அதைத் திறந்துவிட்டீர்கள். எந்தப் படத்தை யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பது இங்கே என் திரையில் தெரியும். இரண்டு நிமிடம். உடனே போன். "நம்ம கல்யாணம்லங்க ஓடுது! என் பாட்டும் இதுலதான வரும்? பாக்கியை ஞாயித்துக்கெழமை எல்லாரோடயும் சேர்ந்து பாக்கறேன்." அதிலிருந்து நான் அந்த இரண்டு நிமிடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது மூன்றாகவில்லை. மூன்றாகும் முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

இனிமேல் பூசி மெழுகிப் பயனில்லை. வரவேற்புரை சொல்வதற்காக வீடியோக்காரர் என் காலரில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினாரே, உரை முடிந்ததும் அதைக் கழற்ற அவர் மறந்தார், அது இருப்பதையே நான் மறந்தேன். அப்புறம் நீங்க மேடை ஏறிப் பாடத் தொடங்கினீர்கள். படத்தில் நீங்க பாடுகிறீர்கள், சத்தத்தில் நான் இருக்கிறேன். முதல் சரணத்தில் என் சித்தப்பா மகனிடம் சொல்கிறேன்: "இவரு பல்லு புடுங்கறப்பவும் பாடுவாராம்ல? அப்ப மரத்துப்போற ஊசியே தேவையில்ல." இரண்டாவது சரணத்தில்: "இன்னும் எத்தனடா இருக்கு?" "மொத்தம் மூணு சரணமாம்ணே." "மூணா!" அதன் பிறகு நாற்காலி நகருகிற சத்தம், என் செருப்புச் சத்தம், அப்புறம் மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் என் குரல்: "தம்பி, அந்த மெயின ஒரு அஞ்சு நிமிஷம் எறக்கி வைங்க. நான் பொண்ணோட அப்பா, நான் சொல்றேன்." உடனே படம் இருட்டு. கேமராவுக்கும் என் மைக்குக்கும் பாட்டரி இருந்ததால், அந்த இருட்டிலும் ஒரு வார்த்தை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. "அப்பாடா" என்கிறேன்.

சம்பந்தி, "அன்னிக்கு மட்டும் கரண்ட் போகலேன்னா மண்டபமே எழுந்து நின்னிருக்கும்" என்று நீங்க சொல்லும்போதெல்லாம், "ஆமாங்க, நமக்குக் குடுத்து வைக்கல" என்று பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டியவன் நான். உங்கள் பாட்டு பிரமாதம் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் மானம் போனால் போகட்டும், ஐம்பது பேர் என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நீங்க அத்தனை பேர் நடுவில் முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. என் பொண்ணு உங்கள் வீட்டில் இருக்கிறாள். கல்யாணமான மறுமாதமே அவள் படிப்பை விடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, ரெண்டு வருஷம் தினமும் காலையில் அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் நீங்க கிளினிக்கைத் திறந்தீர்கள். பெற்ற அப்பன் எனக்கே அது தோன்றவில்லை. அப்படிப்பட்டவரின் பாட்டை நான் மெயினை இறக்கி நிறுத்தினேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து கேளுங்கள், கோபம் தீர என்னைத் திட்டுங்கள், திரையில் மட்டும் போட வேண்டாம். அவளிடம் எப்போதும் போலவே இருங்கள். இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நாற்பது வருஷம் இணைபிரியாமல் வாழ்ந்த தாங்கள் இன்னும் நெடுங்காலம் நோய்நொடியின்றி, பற்கள் அனைத்தோடும் வாழ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டும் முன் இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்துபோய் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மகள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, வீடியோக்காரர் பதினாலு டிஸ்க்கை மாமாவுக்கும்தான் குடுத்தாரு. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே அவரு ஒன்பதாவதைப் பாத்தாச்சு. எங்க எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாரு." "அப்ப ஞாயித்துக்கெழமை?" "அது உங்களப் பதற வைக்க. 'உங்கப்பா இன்னும் எத்தன வருஷம் பிரமாதம்னு சொல்றாருன்னு பாப்போம், நீ வாயத் தொறக்கக் கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு." அப்படியானால் அந்த "அப்பாடா"வைக் கேட்ட பிறகுதான் என் பொண்ணைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், மனசு வரவில்லை, அனுப்புகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீங்க பாடும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று சரணம் முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பீர்களே, பாசம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் ஸ்விட்ச் பக்கம் போய்விடக் கூடாது என்றுதானே? ஞாயிற்றுக்கிழமையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சம்பந்தி. மூன்றாவது சரணத்தில் என்னை நானே நம்ப முடியாது.