சம்பந்தி வருமுன் கொக்கி

காலையில் பார்சல் வண்டிக்காரன் இறக்கிப் போட்டுவிட்டுப் போன, மூட்டை தூக்கும் இரண்டு புது இரும்பு ஃபோர்க்குகளும் ஃபோர்க்லிஃப்டில் மாட்டவே மாட்டேன் என்றன.

திண்டிவனம் குடோன் முதலாளி துரைக்கண்ணு குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார். பழைய ஃபோர்க்கின் முதுகில் கொக்கி இருந்தது. வண்டியின் முன்சட்டத்தில் தொங்கவிட்டால் தீர்ந்தது. இதிலோ, கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு துவாரம்!

"இது தண்டு கோத்து மாட்டறது சார். நம்ப வண்டி கொக்கி வண்டி," என்றாள் வண்டி ஓட்டும் ஆரோக்கியசெல்வி. "கடைக்குப் போன் போட்டு ஒரு வார்த்த கேட்டுடலாம்."

"கேக்கறதா? எங்க வம்சத்துல எவனும் அடுத்தவன கேட்டுக்கினு நின்னதில்ல!"

பழையது விரிசல் விட்டு, நேற்றே காயலான் கடைக்குப் போய்விட்டது. மூன்று மணிக்கு விழுப்புரம் குடோன் முதலாளி பச்சைமுத்து மல்லாட்டைக் கடலை மூட்டை லாரியோடு வருகிறார். அவர் மகனுக்குத்தான் துரைக்கண்ணுவின் மகள் கலைப்பிரியாவைப் பேசியிருக்கிறது. 'அரை மணியில எறக்கிடறேன் சம்பந்தி' என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

துவாரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். ஃபோர்க் ஊஞ்சலாடி ஹெட்லைட்டை உடைத்தது.

"தாலாட்டு பாடட்டுங்களா சார்?"

"வாய மூடிக்கினு கடப்பாரைய எடு."

கடப்பாரையைக் கோத்து, சோதனைக்கு நாலு மூட்டையைத் தூக்கினார்கள். கடப்பாரை வில்லாக வளைந்து துவாரத்திலேயே சிக்கிக்கொண்டது.

வெல்டர் பிரான்சிஸ் வந்து உதட்டைப் பிதுக்கினார். "துவாரத்துல பாதிய அறுத்தாத்தான் கடப்பாரை வெளிய வரும்."

துரைக்கண்ணுவின் கண்கள் மின்னின. "பாதி போனா மிச்சம் என்னய்யா? கொக்கிதான! ரெண்டுத்தையும் வெட்டு, ஜல்தி!"

"பாரம் தாங்காதுங்களே..."

"மானம் தாங்கும். வெட்டு."

வெட்டி மாட்டியதும், அந்த வண்டியோடு பிறந்தவை போல இரண்டும் உட்கார்ந்துகொண்டன. அதே நேரம் லாரி உள்ளே நுழைந்தது.

பச்சைமுத்து இறங்கி வந்து தடவிப் பார்த்தார். "அட, கொக்கி அம்சமா இருக்குதே! யாரு வேலைங்க?"

துரைக்கண்ணு மீசையைத் தடவினார். "நம்ப யோசனதான் சம்பந்தி. பக்கத்துல நின்னு நானே வெட்டச் சொன்னேன்."

லாரி டிரைவர் மாரியப்பன் பின்கதவைத் திறந்தபடியே குரல் கொடுத்தார்:

"பார்சல்காரன் ரெண்டு குடோனுக்கும் மாத்தி எறக்கிட்டானாமுங்க! உங்க ஃபோர்க்கு ரெண்டும் இந்தா லாரியில இருக்குது. எங்க மொதலாளியோட துவாரம் வெச்சத ஏத்தி வுடுங்க, மாப்ள வூட்டுச் சாமான், கீறல் படாம பாத்து!"