மாமியாரை நாலு தடவை சாகடித்தவள்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததையும் முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறி, ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் இறங்கி விசாரித்தாலும், எங்கள் லெட்டரைப் போலப் பொய் சொல்ல ஓர் ஆள் கிடைக்காது.

லெட்டர் என்பது பட்டப்பெயர். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் நானும் அவளும் ஹவுஸ்கீப்பிங். கூட்டுவது, துடைப்பது. எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு நாற்பது இருக்கும். நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு வேளையில் அடுத்தவர் டப்பாவில் கையை விட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுப்பாள். கேட்டால் உப்பு பார்த்தேன் என்பாள். ஆனால் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தால் கல்லும் கரையும்.

மாமியாரை மட்டும் நாலு தடவை சாகடித்தாள். ஒரு தடவை மாரடைப்பு, ஒரு தடவை பாம்பு, ஒரு தடவை கிணறு. நாலாவது எப்படி என்று மறந்துவிட்டேன். சூப்பர்வைசர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் தாங்கியது. நாலாவது சாவு முடிந்த சில வாரத்தில், அவள் வீட்டில் மறந்து வைத்த ஐடி கார்டை எடுத்துக்கொண்டு அந்த மாமியாரே வல்லக்கோட்டையிலிருந்து கேட்டுக்கு வந்துவிட்டது. காரியத்துக்கும் சேர்த்து லீவு கொடுத்திருந்த சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். விஷயம் புரிந்ததும் கிழவி மருமகளைப் பார்த்து, "இன்னாடி, என்ன எத்தினி வாட்டி சாவடிச்ச?" என்று கேட்டது.

"நாலு வாட்டி அத்த. ஒவ்வொரு வாட்டியும் அழுதுகினுதான் எழுதனேன்."

கிழவிக்கு அதில் மனம் குளிர்ந்துவிட்டது. சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அவள் தப்பிப்பாள்.

மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுப்பாள். மூன்று நாள் வேலைக்கு வராத திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, காய்ச்சல் என்று எழுதச் சொன்னாள். லெட்டர் முறைத்தாள். "காய்ச்சல்னா எவன் நம்புவான்? மொதல்ல உன் தப்ப எழுது. நல்லவ மேல யாருக்கும் எரக்கம் வராது" என்று சொல்லி, ஊரிலிருந்து வந்த அல்வாவை யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்துத் தின்றதால் வயிறு கெட்டுப்போனதாக எழுதினாள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாவம், ஹாஸ்டலில் கூட இருந்தவர்கள் அந்தப் பெண்ணோடு ஒரு மாதம் பேசவில்லை. "யக்கா, நான் எங்கக்கா அல்வா தின்னேன்?" என்று அவள் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் என் முறை வந்தது. ஆடிட்டுக்கு முந்தின நாள், நான் அதுவரை போகாத ஒரு ஷெட்டில் என்னைப் போட்டார்கள். தரையெல்லாம் நீளநீளமாகக் கறுப்புக் கறையாக இருந்தது. மதியம் வரை மண்டியிட்டுத் தகடு வைத்துச் சுரண்டி எடுத்தேன். பளிச்சென்று ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது கறை இல்லை. வண்டி எதுவரை வரலாம், ஆள் எங்கே நடக்கலாம் என்று ஒட்டி வைத்த மஞ்சள் கோடு. சக்கரம் ஏறி ஏறிக் கறுத்திருக்கிறது.

"யாரக் கேட்டும்மா எடுத்த?" என்றார் சூப்பர்வைசர். எழுதிக் கொடு, மேலே அனுப்புகிறேன், உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள் என்றார். என் வயதுக்கு வேறு எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். நேராக லெட்டரிடம் போனேன். யாரைச் சாகடித்தாலும் பரவாயில்லை, வேலை போகக்கூடாது என்றேன்.

அன்றைக்கு அவள் வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுதி நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ஐயா, கோட்டை அழுக்கென்று நினைத்து எடுத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். எனக்கு யாரிடமும் கேட்க வெட்கம். எல்லோர் எதிரிலும் சாப்பிடவும் வெட்கப்பட்டு, துடைப்பம் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். வேலையில் மட்டும் வெட்கப்பட்டதில்லை."

அந்த அறை யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். காலையில் அங்கே வைத்துவிட்டுப் போகும் என் டப்பாவில் தினமும் ஒரு வறுவல் துண்டு ஏன் குறைகிறது என்பதும் அன்றுதான் புரிந்தது.

"இதுல பொய்யே இல்லியேம்மா" என்றேன்.

"சேத்துப் பாத்தேங்கா. உனுக்கு ஒட்டல."

சூப்பர்வைசர் படித்தார். சிரிக்கவில்லை. காகிதத்தை மேலே அனுப்பாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புது மஞ்சள் பட்டை ஒரு சுருள் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் ஒட்டச் சொன்னார். என் பக்கம் நேராக வந்தது. அவள் பக்கம் கோணல். மறுநாள் அவள் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டாள். பசிக்குமே, பின்னாலேயே போனேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் அவள் கொடுத்த லெட்டரில் ஒரே வரிதான் இருந்தது. மாமியார் படுத்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. இவ்வளவுதானா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "நெசம் சார், நெசத்துக்கு இவ்ளோதான் வருது" என்றாள். அதோடு வரவில்லை.

தப்பை முதலில் எழுது என்று அவள் சொன்னதால்தான் நானும் மேலே அப்படித் தொடங்கினேன். பாம்பு முதலா கிணறு முதலா, சாவு நாலா ஐந்தா, தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். வல்லக்கோட்டைப் பக்கம் அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் இப்போது எல்லோரோடும்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பெரிய துண்டு டப்பாவிலேயே மிஞ்சிவிடுகிறது.